இரண்டு கதவா, நாலு கதவா?

2024 ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஆடி வெள்ளியில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. "நம்ம லோடு வண்டி சும்மாதானே நிக்குது. பின்னால ஜமக்காளம் விரிச்சா சௌகரியமா போகலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முன்னால் அவரும் என் மகனும். பின்னால் தொட்டியில் நான், எழுபத்திரண்டு வயது மாமியார், என் மகள், அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை, ஓரகத்தி, அவள் பிள்ளைகள் இரண்டு பேர், பொங்கல் பானை, விறகுக் கட்டு. ஆரணி தாண்டினதும் குறுக்கே ஒரு நாய் ஓடியது. அவர் பிரேக் போட்டார். அவ்வளவுதான். பானை உருண்டது. மாமியார் சறுக்கிப் போய்க் கேபின் தகரத்தில் மோதினார். குழந்தை என் மகளின் கையிலிருந்து நழுவி என் மடியில் வந்து விழுந்தது.

மாமியாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. குழந்தைக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் என் மடி அந்த இடத்தில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அந்தப் பழைய வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று முடிவானபோது, "இந்தத் தடவை நானும் சேர்ந்துதான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். கிராமத்தில் லோடு வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சகோதரிகளுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த தப்பு

சரக்கு வண்டியின் தொட்டி மூட்டைக்குத்தான், மனிதருக்கு இல்லை. அங்கே பெல்ட் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. எங்களுக்குத் தெரியாத இன்னொன்றை இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் உறவுக்காரர் சொன்னார். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்கு இழப்பீடு தரும் கடமை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். சரக்கின் சொந்தக்காரர் தன் சரக்கோடு போவதற்கு மட்டும்தான் சட்டம் இடம் தருகிறது. "பெரிசா ஏதாவது ஆகியிருந்தா நிலத்தை வித்துத்தான் கட்டியிருக்கணும்" என்றார். எங்களிடம் இருப்பதே இரண்டு ஏக்கர்.

ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?

பிக்கப் வண்டிகளில் நம் ஊரில் முக்கியமாக இரண்டு விதம். இரண்டு கதவும் ஒரே வரிசை இருக்கையும் உள்ளது சிங்கிள் கேபின். நாலு கதவு, பின்னால் இன்னொரு வரிசை இருக்கை உள்ளது டபுள் கேபின். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் 'குட்டி யானை', முதல் வகை. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் இவையும் அப்படித்தான். பொலிரோ கேம்பர், இசுஸு வி-கிராஸ், 2022-ல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் டபுள் கேபின். அமெரிக்காவில் 1957-லேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இரண்டு வரிசை இருக்கையோடு 'டிராவலெட்' என்ற பிக்கப்பை விற்றது. ஆக, இது ஒன்றும் புதிய யோசனை இல்லை.

கேபின் நீண்டால் தொட்டி குறையும். இதுதான் சங்கடம். சிங்கிள் கேபினில் எட்டு, ஒன்பது அடி நீளத் தொட்டி கிடைக்கும். டபுள் கேபினில் ஏறத்தாழ ஐந்து அடிதான். "அஞ்சு அடியில என்னத்த ஏத்தறது? அதுக்கு ஆட்டோவே வாங்கிடலாமே" என்று அவர் சிரித்தார்.

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் கல்லில் வெட்டியிருப்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே வருகிறது. எங்கள் வீட்டிலும் ஓட்டுப் போடலாம் என்றான் மகன். அந்த விதிப்படி 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருப்பவர்தான் நிற்க முடியும். "அப்ப எனக்கு இல்லையாடா? கை ஒடிஞ்சது எனக்கு!" என்று மாமியார் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். ஓட்டு வேண்டாம், கணக்குப் பார்ப்போம் என்றேன் நான்.

பால் நோட்டில் பார்த்த கணக்கு

என் பால் கணக்கு நோட்டையும் டீசல் போட்ட சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் வண்டி எதற்கெல்லாம் வெளியே போனது என்று தேதிவாரியாக எழுதினேன். இரண்டு ராத்திரி வேலை.

சரக்கு ஏற்றியது 94 நாள். அதில் மாட்டுத் தீவனம், உரம், காய்கறி என்று அரை டன்னுக்குள் அடங்கியது 71 நாள். அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை 17 நாள். ஒரு டன்னைத் தாண்டியது 6 நாள், அதுவும் நெல் அறுப்பிலும் தர்ப்பூசணி அறுப்பிலும்தான். குடும்பத்தில் மூன்று பேருக்கு மேல் வெளியே போனது 52 நாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, காஞ்சிபுரத்தில் ஜவுளி, கல்யாணம், காரியம், கோயில்.

நோட்டைப் பார்த்ததும் அவர் பேசவில்லை. பெரிய தொட்டி வேண்டும் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் அந்த ஆறு நாளுக்காக. அந்த ஆறு நாளிலாவது அது போதுமா? ஒரு ஏக்கரில் சுமாராக இரண்டு டன் நெல் வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. அப்படியானால் ஐம்பது மூட்டை. 1.7 டன் இழுக்கும் பிக்கப்பே வாங்கினாலும் இரண்டு நடை அடிக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லரை வாடகைக்குப் பிடித்தால் ஒரே நடை. எப்படியும் டிராக்டர் பிடிக்கத்தான் போகிறோம் என்றால், மீதி நாளெல்லாம் காலித் தொட்டியை எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்?

சகோதரிகளே, வண்டி வாங்குமுன் இந்த நோட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் தினமும் மார்க்கெட்டுக்கு ஒரு டன் காய் போகிறது, குடும்பமாக வெளியே போவது மாதம் ஒரு தடவைதான் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சிங்கிள் கேபினே வாங்குங்கள். அந்த ஒரு நாளைக்குப் பஸ்ஸில் போங்கள், வாடகைக் கார் பிடியுங்கள். ஆனால் தொட்டியில் ஏறாதீர்கள்.

எடை: ஆட்களும் சுமைதான்

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை, இன்னொன்று சுமையோடு சேர்த்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் வண்டி தாங்கும் சுமை. அதில் ஆட்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதாரணமாக மொத்தம் 2,700, வெறும் வண்டி 1,700 கிலோ என்றால் மீதி 1,000. ஆளுக்கு 60 கிலோ வீதம் ஐந்து பேர் உட்கார்ந்தால் 300 போய்விடும். பின்னால் 700 கிலோதான் ஏற்றலாம். அதாவது 50 கிலோ தீவன மூட்டை பதினாலு.

டபுள் கேபினில் தொட்டி பின்சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலுமாக இருக்கும். அதனால் கனமானதைக் கேபின் ஓரமாகவும் லேசானதைக் கடைசியிலும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் பிடி கொடுக்காது.

பசுமாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டை வண்டியில் கொண்டுபோக ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று 2015-ல் விதி செய்திருக்கிறார்கள். ஐந்து அடித் தொட்டியில் மாட்டை நிறுத்துவது பாவம். அதற்கும் வாடகை வண்டிதான்.

இழுக்கிற வேலை

எங்கள் ஆயில் இன்ஜின் இரண்டு சக்கர வண்டியில் இருக்கிறது. அதைப் பிக்கப்பின் பின்னால் மாட்டி வயலுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்பது மகனின் ஆசை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படகையும் குதிரை வண்டியையும் பிக்கப்பில்தான் மாட்டி இழுக்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு.

இழுபடும் வண்டியின் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும். குறைந்தால் பின்வண்டி பாம்பு மாதிரி நெளியும். அந்த அழுத்தமும் முன் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். 600 கிலோ வண்டியை மாட்டினால் 60 முதல் 90 கிலோ. உள்ளே ஐந்து பேர், தொட்டியில் மூட்டை, கொக்கியில் இது என்று மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கொக்கி சேஸிஸில் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும், பம்பரில் கட்டக் கூடாது. எவ்வளவு இழுக்கலாம் என்று வண்டியோடு தரும் கையேட்டில் இருந்தால் அதற்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் மாட்டவே வேண்டாம். ரோட்டில் ஓடும் டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீண்டுவிடுவதால், எதையாவது இழுக்கும்போது குழந்தைகளை ஏற்றுவதில்லை என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டிருக்கிறோம்.

பெண்கள் பார்க்க வேண்டியவை

ஆண்கள் இன்ஜினைப் பார்க்கட்டும். நாம் பின்சீட்டைப் பார்ப்போம்.

வீட்டுப் பெரியவரைக் கூடவே அழைத்துப் போங்கள். புடவையோடு ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிக்கப் உயரமான வண்டி. கால் வைக்கப் படியும், மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லையென்றால் முட்டிவலிக்காரர்கள் தவித்துப் போவார்கள். எங்கள் மாமியார் மூன்று வண்டியில் ஏறி இறங்கி, நாலாவதில்தான் "இது பரவாயில்லம்மா" என்றார்.

சில வண்டிகளில் பின்சீட்டின் முதுகு செங்குத்தாக இருக்கும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அரைமணி ஓட்டிப் பாருங்கள்.

பின்வரிசையில் எத்தனை பேரோ அத்தனை பெல்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பழைய வண்டியில் இது ரொம்ப முக்கியம். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. அபராதம் கிடக்கட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால், மடியிலிருக்கும் பத்து கிலோ குழந்தையைத் தடுத்து நிறுத்த நூறு கிலோ மூட்டையைப் பிடிக்கிற பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்தப் பலம் கிடையாது. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையைப் பின்சீட்டில் கட்டுங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படும்படி போட வேண்டும்.

ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்துவிட்டது. சரக்கு வண்டியாகப் பதிவானால் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில்...

நாலு கதவு வண்டிதான் வாங்கினோம். புதுசு இல்லை, நாலு வருஷம் ஓடினது. தர்ப்பூசணி அறுப்பின்போது தொட்டி பத்தாமல் அவர் முணுமுணுத்தது நிஜம். இரண்டு நாள் டிராக்டர் வாடகை கொடுத்தோம். நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

2025 ஆடியில் மறுபடியும் படவேடு போனோம். ஓரகத்தியும் பிள்ளைகளும் இடம் போதாமல் பஸ்ஸில் வந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். "பின்னால ஏறிக்கறேன் அக்கா, ஒரு நாள்தானே" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமியார் சொன்னார்: "வேணாம்மா. நான் வேணா பஸ்ல வரேன், நீ என் எடத்துல உக்காரு."

யாரும் பின்னால் ஏறவில்லை. ஆரணி தாண்டினபோது குழந்தை தன் இருக்கையில் பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோணலாகக் கூடிவிட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். பின்னால் தொட்டியில் பானை மட்டும் உருண்டது.