இசைத்தட்டும் அசையாப் பலகையும்



அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும் பொருள்கள் பலவும் உண்மையில் அசைந்துகொண்டே இருக்கின்றன. தெருவில் பாரம் ஏற்றிய லாரி சென்றால் வீட்டுச் சுவர் நடுங்குகிறது. உரலில் உலக்கை விழுந்தால் தரை அதிர்கிறது. நம் உடல் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இசைத்தட்டின் மேல் ஓடும் சிறிய ஊசி இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவ்வூசியை இவ்வதிர்வுகளினின்று காப்பது எங்ஙனம் என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

இசைத்தட்டில் இருப்பது ஒரே ஒரு நீண்ட வரிப்பள்ளம். பாடகர் குரலின் ஏற்ற இறக்கங்கள் அப்பள்ளத்தின் நெளிவுகளாகப் பதிந்துள்ளன. தட்டுச் சுழலும்போது ஊசி அந்நெளிவுகளுக்கேற்ப ஆடுகிறது. அவ்வாட்டமே மின்சாரமாகி, பெருக்கப்பட்டு, ஒலியாக வெளிவருகிறது. 1948-இல் வெளிவந்த நெடுநேர இசைத்தட்டில் பள்ளத்தின் அகலம் ஒரு தலைமயிரின் பருமன்தான். மிக மெல்லிய ஒலிக்குரிய நெளிவோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது. அவ்வளவு நுண்ணிய அசைவை அளக்கும் கருவிக்குப் பக்கத்து அறையின் காலடியோசை சிறியதாகுமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். பலகை அசைந்தால் தட்டும் ஊசியும் சேர்ந்தே அசையுமே. பிறகு கேடு எப்படி வரும்? பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதை நினைத்துப் பாருங்கள். வண்டியோடு அவர் கால் நகர்கிறது, உடல் பின்தங்குகிறது. ஊசியைத் தாங்கும் கையும் அவ்வாறே பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை ஊசி ஒலியாகவே மாற்றிவிடுகிறது. பள்ளத்தின் அசைவு எது, பலகையின் அசைவு எது என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கில்லை.

பழைய கிராமபோனுக்கு இத்தொல்லை குறைவு. அதன் ஊசி 100 கிராமுக்கு மேற்பட்ட பாரத்துடன் தட்டை அழுத்தியது. ஆகவே எளிதில் துள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்த்துக்கொண்டே சென்றது. இக்காலத்து ஊசி நெடுநேரத் தட்டை அழுத்துவது 2 கிராம் அளவே. தட்டுப் பல்லாண்டு வாழ்கிறது. ஊசியோ சிறு அதிர்ச்சிக்கும் அஞ்சுகிறது. மென்மைக்கு நாம் கொடுக்கும் விலைதான் அசையாத பலகை.

உங்கள் வீட்டுப் பலகையின் தரத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பள்ளியில் பௌதிகம் கற்பித்த நாட்களில் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்வித்திருக்கிறேன். தட்டைச் சுழலவிடாமல் ஊசியை அதன்மேல் மெல்ல இறக்குங்கள். ஒலியை வழக்கமான அளவில் வைத்து, பலகையை விரலால் தட்டுங்கள். அறையில் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் கேட்பது முழுவதும் பலகையின் பேச்சு; இசையின் பேச்சன்று.

இனி, பரிகாரத்துக்கு வருவோம். முதலாவது, இடத் தேர்வு. நம் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் மரத்தாலான மச்சு உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்தளங்களைப் பார்த்தவர்கள் அதன் அழகை அறிவர். அழகிய அம்மரத்தளம் காலடிக்குத் தோல் முரசுபோல் அதிரும். அத்தளத்தில் மேசையிட்டுக் கருவியை வைப்பதைவிட, கனமான வெளிச்சுவரில் இரும்புத் தாங்கி பொருத்திப் பலகை அமைப்பது நன்று. கதவு அறையப்படும் மெல்லிய இடைச்சுவர் ஆகாது.

இரண்டாவது, பாரமும் வில்லும். எங்கள் ஊரின் பெயரே கருங்கல். ஆகவே கல்லைப் பற்றிச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு. 45 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் கனமும் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 12 முதல் 13 கிலோ நிற்கும். ஆயினும் கல்லை மேசைமீது வெறுமனே வைத்தால் போதாது. கல் அதிர்வை விழுங்குவதில்லை, கடத்துகிறது. அதன்கீழ் மெத்தென்ற ஒன்று வேண்டும். நான்கு சுருள்வில்களோ, சிறிதளவே காற்றடைத்த சைக்கிள் டியூபோ போதும். காற்றை இறுக அடைத்தால் அதுவும் கல்லாகிவிடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமிழ்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் அவ்வமைப்பின் இயல் அதிர்வெண் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் வினாடிக்கு 5. 4 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 2½. வினாடிக்கு 15 முறை ஆடும் தரையதிர்வு, 5 என்னும் இயல் அதிர்வெண் உள்ள பலகையை எட்டும்போது, உராய்வு மிகக் குறைவாயின், எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் தரை ஆடும் வேகம் இயல் அதிர்வெண்ணுக்கு அருகே வந்தால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல், ஆட்டம் பெருகிவிடும். ஊசிக்கைக்கும் வினாடிக்கு 8 முதல் 12 வரை ஓர் இயல் அதிர்வெண் உண்டு. பலகையின் எண் அதனினும் நன்கு தாழ்ந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, உறிபோல் பலகையைக் கயிற்றில் தொங்கவிடுவது. இது பக்கவாட்டு அசைவைத் தடுக்கும். கயிறு நீளாததால் மேல்கீழ் அசைவை அவ்வளவாகத் தடுக்காது. மேலும், நெடுநேரத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை, அதாவது 1.8 வினாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரமும் அதுவே. தட்டின் நடுத்துளை சிறிது விலகியிருந்தால், அந்நீளக் கயிற்றில் தொங்கும் பலகை தட்டோடு சேர்ந்து ஆடத் தொடங்கலாம். அந்நீளத்தைத் தவிர்க்க.

எவ்வழியை மேற்கொண்டாலும் ஒலிபெருக்கியை அதே பலகையில் வைக்கலாகாது. திருவிழாப் பந்தலில் ஒலிவாங்கி ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் அதிர்வு பலகை வழியே ஊசியை அடைந்து, மீண்டும் பெருகி வெளிவந்தால் இங்கும் அதே கதைதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 1906-இல் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் பாடக் கேட்டவர்கள் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை. அவர் குரலை இசைத்தட்டுகளே நமக்கு அளிக்கின்றன. அத்தகைய தட்டுகளை இன்று கணினியில் படியெடுத்துக் காக்கிறார்கள். அப்பணியும் பெரும்பாலும் ஓர் ஊசி பள்ளத்தில் ஓடுவதிலிருந்தே தொடங்குகிறது. அந்நேரம் தெருவில் லாரி சென்று பலகை நடுங்கினால், அந்நடுக்கமும் பாட்டோடு சேர்ந்து பதிந்து நிலைத்துவிடும். பின்னர் வருவோருக்கு நாம் விட்டுச் செல்லும் படியில் பாடகர் குரல் மட்டுமே இருக்க வேண்டுமானால், கனமான ஒரு கல்லும், மெத்தென்ற ஒரு தாங்கியும், உறுதியான ஒரு சுவரும் தேடிக்கொள்வது பெரிய செலவன்று.