ஓக் சாலை வாசல், கெனில்வொர்த் ரோடு மைதானம், லூட்டன்

வரிசையாகச் செங்கல் வீடுகள். அவற்றில் தரைத்தளம் இருக்கவேண்டிய இடத்தில் மைதானத்தின் வாசல். மேலே மாடி அறைகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே படியேறும்போது சற்றே நின்று கீழே பாருங்கள்: வீடுகளின் கொல்லைப்புறம், வேலி, கொடியில் காயும் துணி. வெளியூர் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த வழி இது.

தொப்பித் தொழிலில் பெயர்பெற்ற ஊர் என்பதால் லூட்டன் கால்பந்து அணிக்குத் 'தொப்பிக்காரர்கள்' என்று செல்லப்பெயர். 1905இல் இங்கே குடிவந்தார்கள். 1936 ஏப்ரல் 13 அன்று, வழக்கமாக நடுக்களத்தில் ஆடும் ஜோ பெய்னை முன்களத்தில் இறக்கினார்கள். பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக அவர் ஒருவரே அடித்தது 10 கோல்! ஆட்டம் 12-0. இங்கிலாந்து லீக்கில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடித்த அந்த 10 கோலை இன்றும் யாரும் தாண்டவில்லை.

1985 முதல் 1991 வரை இங்கே செயற்கைப் புல். 2023இல் பிரீமியர் லீக்கும் இதே குறுகிய வாசல் வழியே வந்தது.