வாய் திறந்து சொல்லாத நோய்கள்

மாதாமாதம் மூன்று நாள் சுருண்டு படுக்கும் மகளிடம், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறாள் தாய். ஓயாத வெள்ளைப்படுதலுக்கு 'உஷ்ணம்' என்று பெயர் சூட்டி வெந்தயம் ஊற வைக்கிறோம். பிழைப்புக்காகக் கல்கத்தா வந்தாலும் இந்தப் பழக்கமும் கூடவே ரயிலேறி வந்துவிடுகிறது.

இத்தகைய நோய்கள் எத்தனை பேருக்கு உண்டு? மகாராஷ்டிரத்தில், கட்சிரோலி மாவட்டத்து இரண்டு கிராமங்களில் டாக்டர் ராணி பங்கும் அவர் கணவர் டாக்டர் அபய் பங்கும் குழுவினரோடு 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்குப் பெண் நோய் ஏதேனும் இருந்தது. சராசரியாக ஒருத்திக்கு மூன்றுக்கு மேல்! 1989 ஜனவரியில் லண்டன் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. அதைவிடத் திகைக்க வைப்பது இன்னொரு கணக்கு. அதற்கு முன் ஒரு முறையாவது இதற்கெனப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேரே.

கிராமத்துக் கதைதானே என்று ஒதுக்க வேண்டாம். கடும் வலி தரும் 'எண்டோமெட்ரியோசிஸ்', உலகெங்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரத்த சோகையைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 71 பேருக்கு அது இருந்தது, தமிழ்நாட்டில் 53. சத்தில்லாத சாப்பாடு ஒரு காரணம். கருப்பைக் கட்டியால் வரும் பெரும்பாடும் ரத்தத்தைக் குறைக்கும். அதைக் கவனியாமல் டானிக் மட்டும் வாங்கித் தருவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற காரியம். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் துளி ரத்தம் கண்டாலும் தாமதிக்கக் கூடாது, புற்றுநோயாக இருக்கலாம்.

லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு ஹாஜ்ரா தூரமில்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தானமாகத் தந்த வீட்டில் 1926-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய சித்தரஞ்சன் சேவா சதன் அங்கே அரசு மருத்துவமனையாக நடக்கிறது.

வங்காளி தெரியாத மனைவிக்காகக் கணவரே டாக்டரிடம் பேசுவதால் பாதி விஷயம் விழுங்கப்படுகிறது. மாதவிலக்கு 'மாஷிக்', வெள்ளைப்படுதல் 'ஷாதா ஸ்ராப்', அடிவயிற்றில் வலி 'தொல்பேட்டே பேத்தா'. இம்மூன்றையும் அவரே சொல்லப் பழகட்டும். எத்தனை நாள் போக்கு, நாளைக்கு எத்தனை துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டு போனால் டாக்டருக்கும் வேலை சுலபம்.