தேரி மணலுக்கு என்ன வயது? இயற்கைப் புவியியலில் பிஎச்.டி செய்ய நினைப்பவர்களுக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று மணல்மேடுகள் கிடக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அது தேரி. அங்கே கிடைத்த சின்னஞ்சிறு கல்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த மணல் எப்போது வந்து குவிந்தது, எப்போது சிவந்தது என்பதை மணல் துகளையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி பின்னால்தான் வந்தது. ஒளிர்வு முறையில் வயது கணித்த ஆய்வு 2012-ல் வெளியானது. இயற்கைப் புவியியலில் முனைவர் பட்டம் என்பது இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் அலைவதுதான்.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் துகள், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சை வாங்கி வாங்கிச் சேர்த்து வைக்கிறது. வெயில் பட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். ஆகவே மாதிரி எடுக்கிறவர் மணற்சுவரின் மேல்தோலைச் செதுக்கிவிட்டு, இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார். வெளியே எடுத்ததும் இரு வாயையும் அடைத்துக் கறுப்பு உறையில் சுற்றிவிடுகிறார். அது திறக்கப்படுவது ஆய்வுக்கூடத்தில், மங்கலான சிவப்பு விளக்கின் கீழேதான். துகள் மொத்தமாக வாங்கிய கதிர்வீச்சை, ஓராண்டில் வாங்கும் அளவால் வகுத்தால் கடைசியாக வெயில் பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று வரும். வழியில் குழாய் திறந்துகொண்டால் போன வேலை போச்சு.

இவ்வளவு வேலை இருக்கிற படிப்பு, நம் நாட்டில் பல இடங்களில் கலைப்பிரிவின் கணக்கில் இருக்கிறது. அது வெறும் பெயர் விஷயம் இல்லை, பணத்தையும் தொடுகிறது. யுஜிசியின் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு ஊக்கத்தொகை வாங்கியவருக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நல்ல தொகைதான். ஆனால் பயணம், புத்தகம், சில்லறைச் செலவுக்கான தனித்தொகை கலை, சமூக அறிவியல் பிரிவில் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றே வைத்திருந்தார்கள். அறிவியலுக்கும் 12,000தான். ஜீப் வாடகைக்கே போதாத பணம் இது. நெறியாளர் கையில் ஆய்வுத் திட்டம் ஏதாவது இருந்தால்தான் களமும் கூடமும் சாத்தியம். ஊக்கத்தொகையே இல்லாமல் சேர்கிறவர்கள் பாடு இன்னும் சிரமம்.

சேரும் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022-ல் வந்த யுஜிசி விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர் நேராகவே விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில் இப்போது கிடையாது. 2024 முதல் நெட் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே பிஎச்.டி சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜேஆர்எஃப் கிடைக்காமல் தகுதி மட்டும் பெற்றவர்களுக்கு நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடைபோடுகிறார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். தாங்களே நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, நீட்டிப்பு 2. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2.

பலர் சறுக்குவது இங்கெல்லாம் இல்லை, தலைப்பில். ‘இன்ன மாவட்டத்தின் நிலத்தோற்றம்: தொலையுணர்வு வழி ஆய்வு’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் மாவட்டம் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, கேள்வியைக் காணோம். வண்ண வண்ணமாக வரைபடங்கள் வரும். வைவாவில் ‘இதிலிருந்து என்ன தெரிந்தது?’ என்றால் பதில் வராது. கடற்கரை அரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். கரை ஆண்டுக்கு 1 மீட்டர் அரிக்கிறது என்று வைத்தால், 10 ஆண்டில் நகர்ந்தது ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான். அலையும் ஓதமும் நீர்க்கோட்டைத் தள்ளிவைத்த தூரம் அதைவிட அதிகமாகவே இருக்கலாம். அரிப்பா, படம் எடுத்த வேளையா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது ஆய்வு. அதற்குக் கரையில் கால் வைத்து அளந்த அளவு வேண்டும்.

தரவு கிடைப்பது முன்பைவிட எவ்வளவோ சுலபம். லேண்ட்சாட் 2008 முதல் இலவசம். சென்டினல் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. விண்கலத்திலிருந்து 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் அளந்த உயரத் தரவும் 30 மீட்டர் அளவில் இறக்கிக்கொள்ளலாம். கடலோர டோப்போ ஷீட்டுக்கு அனுமதி கேட்டு நடந்த காலம் 2021 பிப்ரவரியில் வந்த தளர்வுகளோடு பெரும்பாலும் முடிந்தது. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துவின் நீரோட்டத் தரவு இன்னமும் எல்லோருக்கும் கிடைக்காது. காவிரியைப் பற்றி நினைப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பருவம் இன்னொரு கண்டிப்பான ஆசாமி. தாமிரபரணி எவ்வளவு வண்டலைக் கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றங்கரையில் இருந்தாக வேண்டும். முதல் ஆண்டு கோர்ஸ் ஒர்க்கில் போய்விடும். கடைசி ஆண்டு எழுதுவதில் போகும். கையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று பருவமழை. அதுவும் சொல்லிவைத்தாற்போல் பெய்வதில்லை. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது. முதலாவதில் ஆய்வாளருக்கு அளக்க எதுவும் இருக்காது, இரண்டாவதில் அளக்கும் கருவியே இருக்காது. வடக்கே இமாச்சலின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் ஆண்டுதோறும் பனி கூடுவதையும் குறைவதையும் அளந்து வருகிறார்கள். பனியில் துளையிட்டு நட்ட மூங்கில் கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதே அங்கே அடிப்படை அளவு. எந்தத் தனி மாணவருக்கும் இத்தனை ஆண்டு கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இப்படி ஒரு தொடர் அளவீட்டில் போய்ச் சேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

வேலை என்று பார்த்தால், உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் பிஎச்.டி கட்டாயம் இல்லை, நெட் அல்லது செட் போதும். பதவி உயர்வுக்கு வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் திட்டப் பணிகள் வருகின்றன. அங்கே பட்டத்தோடு, களத்தில் என்ன அளந்தீர்கள் என்றும் கேட்பார்கள்.

ஆகவே பதிவுக்கு முன்பே நெறியாளரிடம் நாலு விஷயம் பேசிவிடுங்கள். களச்செலவு யார் பொறுப்பு? மாதிரியை எந்தக் கூடத்தில் சோதிப்பது, அங்கே வரிசை எவ்வளவு நீளம்? அவரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பது வரம்பு. கடைசியாகக் களத்துக்கு அவர் எப்போது போனார் என்பதைக் கூச்சப்பட்டு அவரிடம் கேட்க முடியாவிட்டால், அவருடைய பழைய மாணவர்களிடம் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.