வீட்டுக் கூடமும் பயிற்சிக் கூடமும்

‘ஜிம்’ என வழங்கும் உடற்பயிற்சிக் கூடத்திற்குக் கட்டணம் செலுத்தி உறுப்பினராவது இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சுந்தரபாண்டியத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறிச் சென்று பயின்றவருள் நானும் ஒருவன். நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்று மருத்துவர் எச்சரித்த நாற்பதாம் அகவையில், ஓராண்டுக் கட்டணத்தை ஒருசேரச் செலுத்திச் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கூடங்கள் மூடப்பெற்றன. தமிழகத்தில் அவை மீண்டும் திறக்க ஆகஸ்டு 10 ஆயிற்று. செலுத்திய பணம் திரும்பவில்லை என்பது வேறு கதை. சர்க்கரை ஊரடங்கிற்குக் காத்திருக்குமா?

வீட்டில் என்ன செய்ய இயலும் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் ஓருண்மை புலப்பட்டது. தசைக்கு இயந்திரத்தின் விலை தெரியாது. எதிர்ப்பு ஒன்றே தெரியும். தண்டால் எடுக்கையில் உடலெடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 70 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 கிலோவைத் தள்ளுகிறார் எனலாம். இயலாதவர் முழங்காலை ஊன்றிக்கொண்டால் சுமை உடலெடையில் ஏறத்தாழப் பாதியாகும். சுவரில் கைவைத்துத் தள்ளினால் இன்னும் குறையும். பழகியவர் கால்களை முக்காலியின் மீது வைத்தால் சுமை கூடும். கூடத்தில் இரும்புத் தட்டுகளை மாற்றுவதும் இதுவும் ஒன்றே. எடை தூக்க விரும்புவோர்க்குக் குடம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வேண்டிய அளவு நிரப்பிக்கொள்ளலாம்.

இதில் புதுமை ஏதுமில்லை. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் ஊர்ப் பொதுவிடத்தில்தான் கிடந்தது. குந்தி அமர்ந்து அணைத்து, முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோள்வழியே பின்னே எறிவதற்குக் கட்டணமில்லை. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது பெண்டிரும் அதைத் தூக்குகின்றனர். யூஜின் சாண்டோ (1867–1925) என்னும் ஐரோப்பியப் பயில்வானும் இலண்டனில் பயிற்சிக் கூடம் நடத்தியதோடு நில்லாமல், வீட்டிலேயே பயில்வதற்கான கருவிகளையும் விற்றார். நம் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் நிற்கும் ‘சாண்டோ’ அவர் பெயரே.

கூடம் உண்மையில் தருவது கருவியன்று. குறித்த நேரமும், நாலுபேர் பார்க்கிறார்கள் என்னும் கூச்சமுமே. வீட்டில் இவ்விரண்டும் இல்லை. முதல் இரு வாரங்களில் மூன்று நாள்களே பயின்றேன். பிறகு வைகறைத் தொழுகைக்கு அடுத்த அரைமணியை இதற்கென ஒதுக்கி, நாட்காட்டியில் எண்ணிக்கையை எழுதலானேன். வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரு நாளேனும் தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உழைக்கும் தசை இன்சுலினின் துணையில்லாமலும் குருதியிலுள்ள சர்க்கரையை உள்வாங்கிக்கொள்ளும். என் போன்றோர்க்குப் பயிற்சி மருந்தாவது இவ்வாறே. மாத்திரை உண்போர் சர்க்கரை அளவு மிகத் தாழாதவாறு மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்குதலும் ஆகாது.

ஒரு நாள் என் மனைவி கேட்டார்: “ஓராண்டுப் பணம் கட்டினீர்களே, எனக்கும் முழங்கால் வலிதானே, அதை யாராவது நினைத்தீர்களா?” என்னிடம் விடையில்லை. கூடத்தின் நேரமும் அங்குள்ள கூட்டமும் அவருக்கு ஒத்துவந்திரா. அதைவிட, நான் கேட்டதே இல்லை. மறுநாள் முதல் நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழும் பயிற்சியை அவர் தொடங்கினார். பத்து முறை எழ முடியாதவர் இரு திங்களில் முப்பதை எட்டினார். நாட்காட்டியில் இப்போது இருவர் கணக்கும் இருக்கிறது. அவர் கணக்கில் வெற்றிடம் குறைவு.

கூடங்கள் திறந்த பின்னும் நான் திரும்பவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. தள்ளுதற்குத் தரை போதும். இழுத்தற்கு, அதாவது முதுகுத் தசைக்கு, வீட்டில் எளிய வழியில்லை. முன்னாளில் கிணற்றில் நீர் இறைத்தோர்க்கு இக்குறை இருந்ததில்லை. மின்மோட்டார் வந்து அதைப் போக்கிற்று. கொல்லைக் கிணற்றின் கப்பிக்கு எண்ணெயிட்டுப் புதுக்கயிறு மாட்டச் சொல்லியிருக்கிறேன்.