கூதிர்காலத்தில் கீழக்கரை

மத்தியதரைக் கடலோர நகரங்களுக்கு இலையுதிர்காலம் அமைதி திரும்பும் காலம். கோடையில் நிறைந்திருந்த கூட்டம் கலைந்து, பழைய மதில்களும் துறைகளும் மீண்டும் தம் உருவைக் காட்டும் பருவம் அது. துருக்கியின் அலன்யாவையும் மொரோக்கோவின் தன்ஜாவையும் அப்பருவத்தில் பலர் நாடிச் செல்வது இதனால்தான். தமிழகத்தில் இலையுதிர்காலம் எனத் தனியே ஒன்றில்லை. ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்றனர். அப்பருவத்தில் தொன்மை வாய்ந்த ஒரு கடற்கரை நகரைக் காண விரும்பும் மதுரைவாசிக்கு எட்டும் தொலைவில் இருப்பது கீழக்கரை.

மதுரைப் பழங்காநத்தத்திலிருந்து புறப்படுபவர் மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் கடலைக் காணலாம். வைகை செல்லும் திசையிலேயே சாலையும் செல்கிறது. வைகையோ கடலை நேரே சென்றடைவதில்லை. அதன் நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, எஞ்சியதே கடலுக்குப் போகும். ஆண்டின் பெரும்பகுதியில் சீமைக் கருவேலம் மட்டுமே கண்ணிற்படும் அச்சமவெளியில், மழை பொய்க்காத ஐப்பசியில் கண்மாய்கள் நிறைந்து நாற்றுகள் பசுமை காட்டும்.

ஆயினும் கூதிரில் கீழக்கரைக்குச் செல்வதன் பொருள் மழையில் இல்லை, காற்றில் இருக்கிறது. பருவக்காற்றுக்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயர், பருவம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. தென்மேற்குக் காற்று மரக்கலங்களைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குக் காற்று மேற்கே செலுத்தும். நம் கடலோடிகள் இவற்றைக் கச்சான் என்றும் வாடை என்றும் பெயரிட்டு அறிந்திருந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எத்துறையிலிருந்து எந்நாளில் பாய் விரிக்கலாம் என்பதைத் தம் நூலில் விரித்துரைத்தார். குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் திருமறை இணைத்துக் கூறுவதை அறிந்த நமக்கு, வணிகமும் பருவமும் பிரியாதவை என்பது புதிய செய்தியன்று.

ஐப்பசியே ஒரு காற்று ஓய்ந்து மற்றொரு காற்று எழும் இடைவெளி. மேற்கே திரும்ப வேண்டிய வணிகன் அதுவரை கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்குத் தங்க இடமும், தொழப் பள்ளியும், வழக்குத் தீர்க்கக் காழியும், காலப்போக்கில் மனைவி மக்களும் தேவைப்பட்டனர். நம் கடற்கரை முஸ்லிம் ஊர்கள் இக்காத்திருப்பில் வேர்விட்டவை. இதனை மனத்திற்கொண்டால் அவற்றின் ஒவ்வொரு கூறும் விளக்கம் பெறும்.

தன்ஜாவில் பிறந்து, அலன்யாத் துறையில் இறங்கி அனட்டோலியாவைக் கண்ட இப்னு பதூதா, 1340-களில் இலங்கையிலிருந்து வரும்போது கலம் உடைந்து இக்கரையில் ஒதுங்கினார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானியைக் கண்டார். மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும் பதிவு செய்தார். அவர் ‘பத்தன்’ எனக் குறிப்பிடும் துறையில், கடலுக்குள் பெருமரத் தூண்கள் நாட்டி எழுப்பிய மண்டபமும், கல்லாலான அழகிய பள்ளிவாசலும் இருந்தன. அத்துறை, கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினமே என ஆய்வாளர் சிலர் கருதுவர். அங்கு கிடைத்த பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள், அது பெருந்துறையாக விளங்கியதை உறுதி செய்கின்றன. யமன் நோக்கிச் சென்ற கலம் ஒன்றில் ஏறியே அவர் இக்கரையை நீங்கினார்.

கீழக்கரையின் பெரிய ஜும்ஆப் பள்ளி, பதினேழாம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதி என்னும் ஷைகு அப்துல் காதிர் மரைக்காயரின் பெயரோடு இணைந்தது. திராவிடக் கட்டடக் கலை மரபில் செதுக்கிய கற்றூண்களில் பூவும் கொடியும் உண்டு, உயிருருவம் இல்லை. தமிழ்ச் சிற்பியின் கையும் இஸ்லாமிய நெறியும் முரண்படாமல் ஒன்றிய இடம் அது. இறந்த பின்னும் ஈந்தவர் எனப் பழமொழியில் வாழும் அவ்வள்ளலும், சீறாப்புராண ஆசிரியர் உமறுப் புலவருக்கு வழிகாட்டியவராகப் போற்றப்படும் சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களும் இவ்வூரிலேயே அடங்கியுள்ளனர்.

தெருக்கள் குறுகியவை. மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே தங்க, மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வது இவ்வூர் மரபு. ஆடவர் மாதக்கணக்கில் கடலில் இருந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து, இவ்வூர்த் தைக்கா சாஹிபின் மகளை மணந்து, அரூஸிய்யா மதரஸாவுக்குப் புத்துயிரளித்த இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்களை ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்றே இன்றும் அழைக்கிறோம். ஒரு மரபு முழுவதும் அப்பெயரில் அடங்கியிருக்கிறது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதலும், கடல்கடந்த மலாய் நாட்டு உறவை நாவுக்கு நினைவூட்டும்.

இனிக் கடல். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கேயுள்ள பாக் கடலைப் பெண் கடல் என்றும் மீனவர் கூறுவர். கச்சானில் சீறிய மன்னார்க் கடல், வாடை வீசும் நாட்களில் புயலில்லையெனில் பெரும்பாலும் தணிந்திருக்கும். கரைக்கு அரணாக நிற்கும் 21 தீவுகளைக் கொண்ட கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. தீவுகளில் அனுமதியின்றிக் கால்வைக்க இயலாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவும் சேர்ந்து, அவற்றுள் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சிய பவளங்களையும் 2010, 2016 ஆண்டுகளின் வெப்பம் வெளிறச் செய்தது. முறையான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

கரையிலும் இத்தகைய இழப்பு நிகழ்ந்து வருகிறது. இமாமுல் அரூஸ் அவர்களின் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ முதலிய நூல்கள் அரபுத்தமிழில் எழுந்தவை. அவ்வெழுத்தை நம் பாட்டிமார் சரளமாக ஓதினர். பேரப்பிள்ளைகளுள் ஓதத் தெரிந்தோர் மிகச் சிலரே. ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் வீட்டுப் பேழைகளில் கரையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாகின்றன. மூழ்கிய தீவை மீட்பது நம் கையில் இல்லை. மறைந்துவரும் எழுத்தை மீட்பது நம்மால் இயலும்.

ஆகவே கூதிரில் கீழக்கரை செல்வோர் கடற்காற்று வாங்குவதோடு நிறைவடைய வேண்டாம். பள்ளித் தூண்களை நின்று பாருங்கள்; முதியோரிடம் காற்றின் பெயர்களைக் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அரபுத்தமிழ் நூல் ஒன்று இருக்குமானால், அதை ஓதத் தெரிந்தவர் அருகில் பிள்ளைகளை அமர்த்தி ஒரு பக்கமேனும் கேட்கச் செய்யுங்கள். நம் முன்னோர் காற்றுக்குக் காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை, கற்றார்கள், எழுதினார்கள். அவர்கள் எழுதியதை நாம் படிக்க வேண்டும்.