நாணம் என்னும் நஞ்சு

தோழர்களே! ஆலையிலே இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலும் நிறுத்திப் பார்க்கிறோம். வீட்டிலே, ஓய்வின்றி உழைக்கும் பெண்ணின் உடலிலே கோளாறு என்றால் மட்டும் "அது பொம்பளை சமாச்சாரம்" என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம்.

அந்தச் சமாச்சாரத்தின் பெயர் கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலே ஏறத்தாழ 1,27,000 பெண்களை அது புதிதாகப் பற்றியது. ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது என்கிறது உலகப் புற்றுநோய்க் கணக்கு.

வழியில்லாத நோயா இது? இல்லை! எச்.பி.வி. என்னும் கிருமி உடலுறவால் தொற்றி, நீங்காமல் தங்கிவிட்டால், அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு அவகாசம் தரும் எதிரி வேறெங்கே உண்டு? சிறுமியருக்குத் தடுப்பூசி இருக்கிறது. 30 வயது கடந்த பெண்ணுக்கு எளிய சோதனை இருக்கிறது. காடியில் உள்ள அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவினால், கெட்ட இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டிவிடும். முற்றுமுன்பே அதை அகற்றிவிடலாம்.

இதை மெய்ப்பித்தது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை அங்கே கிராமத்துப் பெண்களுக்குச் செவிலியர் இச்சோதனையைச் செய்தனர். இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால், சோதனைக்குரிய 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர்தான். மற்ற 17,968 பேர் எங்கே?

எல்லோரையும் ஒரே காரணம் தடுத்திருக்காது. ஆனாலும் நம் வீடுகளிலே நிற்கும் சுவர்களை நாம் அறிவோம். "அந்நியர் முன் எப்படிப் படுப்பேன்?" என்னும் வெட்கம் ஒன்று. "எல்லாம் தலைவிதி" என்னும் மடமை மற்றொன்று. "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்னும் வறுமை இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் மேலே, "உனக்கு ஏன் இந்த நோய் வந்தது?" என்று கணவன் கேட்பானோ என்னும் அச்சம்!

கேட்கும் உரிமை நமக்கு உண்டா? அக்கிருமியை ஆணும் சுமக்கிறான், ஆணும் தருகிறான். வாழ்நாளில் ஒருமுறையேனும் அது பெரும்பாலோரைத் தொற்றிச் செல்கிறது. அதை வைத்துப் பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பவன் அறிவிலி. பெண்ணுரிமை பற்றி மேடையிலே முழங்கிவிட்டு, மருத்துவமனைக்குப் போக அவளை நம் உத்தரவுக்குக் காத்திருக்க வைப்பது எந்தக் கொள்கை?

மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலோ, உறவுக்குப்பின் இரத்தம் கசிந்தாலோ, நாற்றத்துடன் வெள்ளைபட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வலி இல்லையே என்று சோதனையைத் தள்ளிப் போடுவதும் தவறு; வலி வரும்போது நோய் முற்றியிருக்கும்.

ஆகவே தோழர்களே, இந்த வாரமே ஒருநாள் காலை அடுப்படியையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். மனைவியை, அக்காளை, தங்கையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்; துணை வேண்டுமென்றால் உடன் செல்லுங்கள். மேல்சிகிச்சை தேவை என்றால் பாதியில் நிறுத்தாதீர்கள். கிளைக் கூட்டத்திலே இதைப் பேசக் கூசவேண்டாம். நாம் கூசிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் நோய் வளர்கிறது!